குலசையில் எல்லாரும் கை நீட்டுவார்கள்

மைசூரில் வதமாவதும் மகிஷாசுரன்தான், எங்கள் குலசையில் வதமாவதும் அவன்தான். கதை ஒன்று, திருவிழா வேறு. மைசூர் தசரா அரச வீட்டு விழா. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆரம்பித்து வைத்தது. யானை, தங்க அம்பாரி, அரண்மனை விளக்குகள் என்று கண்கொள்ளாக் காட்சி. ஜனங்கள் தெரு ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் ஜனங்களேதான் விழா. காளி, அனுமன், எமன், ராஜா, போலீஸ், கரடி, கிறுக்கன், பிச்சைக்காரன் என்று ஆளாளுக்கு வேசம் கட்டிக்கொண்டு, ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் கை நீட்டிக் காசு கேட்பார்கள். கிடைத்த காசு முத்தாரம்மன் உண்டியலுக்குப் போகும். இதற்குத் தர்மம் எடுப்பது என்று பெயர்.

டிவியில் காட்டுவதெல்லாம் பத்தாம் நாள் நள்ளிரவு சூரசம்ஹாரம். கடற்கரை முழுக்கத் தலைகள், வாணவேடிக்கை, சிம்ம வாகனத்தில் அம்மன். பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் குலசை தசராவின் உயிர் அந்தக் கடற்கரையில் இல்லை, அதற்கு முந்தைய நாட்களில் சுற்றுவட்டார ஊர்களின் வாசற்படிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில் தெற்கே அரை மணி நேரம் போனால் குலசேகரன்பட்டினம். பாண்டியன் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பனங்காடு, இன்னும் உள்ளே போனால் செக்கச்செவேல் என்று தேரி மணல். பக்கத்தில் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி, தெற்கே மணப்பாடு. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு நாடு முழுக்க இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் வந்துவிட்டது. எங்களுக்குக் குலசை என்றால் முத்தாரம்மன்தான்.

கோயில் கருவறையில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில், வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மனும் சுவாமியும் இப்படிச் சேர்ந்து ஒரே சன்னிதியில் இருப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது இருக்கும் திருமேனிகள் குமரி மாவட்டம் மைலாடியில் செய்தவை. அர்ச்சகர் கனவிலும் மைலாடி ஆசாரி கனவிலும் அம்மனே வந்து சொன்னாள் என்பது கோயில் வரலாறு. அம்மை கண்ட வீட்டில் முதலில் வேண்டிக்கொள்வது இவளிடம்தான். இன்றைக்குப் பெரியம்மை இல்லை. ஆனால் வேண்டுதல்களுக்குக் குறைவில்லை. பிள்ளை வரம், கடன், கோர்ட் கேஸ், துபாய் விசா, தீராத வயிற்றுவலி, குடிப்பழக்கம் எல்லாம் அவள் முன்னால்தான் வந்து நிற்கின்றன.

நவராத்திரியின் முதல் நாள் கொடியேற்றம். கொடி ஏறியதும் விரதக்காரர்கள் காப்பு கட்டிக்கொள்வார்கள். வேசம் எதுவாக இருந்தாலும் காப்பு இல்லாமல் தர்மம் எடுக்கப் போகக் கூடாது. காளி வேசக்காரர்களின் விரதம் அதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். 41 நாள் என்பது பொதுவான கணக்கு, 48, 61 என்று இருப்பவர்களும் உண்டு. ஊர் ஓரத்தில் ஓலையால் குடில் போட்டிருப்பார்கள். அதைப் பிறை என்போம். உள்ளே அம்மன் படம், விளக்கு, படுக்கப் பாய். ஒருவேளைச் சாப்பாடு. வீட்டுக்குப் போவதில்லை, செருப்புப் போடுவதில்லை.

என் தாய்மாமா பல வருடம் காளி கட்டியவர். லாரி டிரைவர். மற்ற நாட்களில் அவரைப் போலக் கலகலப்பான மனிதரைப் பார்க்க முடியாது. பிறைக்குள் போய்விட்டால் பேச்சு தானாகவே குறைந்துவிடும். அத்தைகூட அவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். பிறை வாசலில் சோற்றை வைத்துவிட்டு, “சாமி, சாப்பாடு வச்சிருக்கேன்” என்று தள்ளி நிற்பார். ஆண்டு முழுக்க அவரிடம் சண்டை போடும் அத்தை அந்த நாட்களில் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

வேசம் கட்டுவதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். விடியுமுன்னே ஆரம்பிக்கும். முதலில் முகத்தில் எண்ணெய் தேய்த்து, அதன்மேல் சிவப்புச் சாயம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, வெள்ளைக் கோடு. சிவப்புப் பட்டுச்சேலையைக் கொசுவம் வைத்து இறுக்கிக் கட்டி, காலில் சலங்கை. தலையில் துணியை முண்டாசாகச் சுற்றிவிடுவார்கள். அப்போதுதான் கிரீடத்தின் பாரம் நெற்றியை அறுக்காது. முதுகில் பலகை வைத்து, அதில் பக்கத்துக்கு நான்காகக் கைகள். அப்புறம் முழங்கால்வரை தொங்கும் சடை. எல்லாம் சேர்ந்தால் பல கிலோ எடை. கயிற்றை இறுக்கும்போது மாமா, “ஏலே, மெதுவா இழுல, வலிக்கு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியாகக் கோரைப்பல்லையும் தொங்கும் நாக்கையும் வாயில் மாட்டுவார்கள். அதற்குப் பிறகு பேச முடியாது. கிரீடத்தை ஏற்றும்போது பெண்கள் குலவை போடுவார்கள், மேளக்காரர் ஒரு அடி அடிப்பார். அந்த நொடியில் மாமாவின் தோள் நிமிரும் பாருங்கள், கயிறு வலிக்கிறது என்று சொன்ன ஆளா இவர் என்று இருக்கும். சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும், சொல்லிவைத்தாற்போல, இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவோம். “ஓம் காளி, ஜெய் காளி” என்று யாரோ ஒருவர் தொடங்க, தெருவே திருப்பிச் சொல்லும்.

பகல் முழுக்க வெறுங்காலில், புரட்டாசி வெயிலில் நடை. எங்கள் பக்கத்துப் புரட்டாசி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அது என்ன நடை என்று புரியும். இடையில் இளநீர் மட்டும், அதுவும் கோரைப்பல்லின் ஓரமாக உறிஞ்சுகுழல் விட்டு. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரோடு காத்திருப்பார்கள். காளியின் காலில் அதை ஊற்றும்போது தார்ச்சாலையில் வெந்த பாதத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நடந்தவருக்குத்தான் தெரியும். ஊற்றி முடித்ததும் தட்டில் காசு விழும். ஒரு ரூபாயும் விழும், ஐந்நூறு ரூபாய்த் தாளும் விழும். இரண்டுக்கும் ஒரே திருநீறுதான்.

சின்ன வயதில் மாமாவிடம் கேட்டேன்: “காளி எதுக்கு மாமா பிச்சை எடுக்கணும்? அவகிட்ட இல்லாததா?”

“காளி எங்கல எடுக்கா? நாந்தான் எடுக்கேன் மருமவனே. நான் நாலு பேர் வாசல்ல போய்க் கை நீட்டணும்னு அவ நினைக்கா. அதுக்குத்தான் வேசம்.”

அன்றைக்கு அது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை உடன்குடி பஜாரில் புரிந்துகொண்டேன். சென்னையில் மளிகைக் கடைகள் வைத்து நன்றாக இருக்கும் ஒருவர், எங்கள் ஊர்க்காரர், பிச்சைக்காரன் வேசத்தில் வந்திருந்தார். கிழிந்த சாக்கை மேலே போர்த்தி, கையில் நசுங்கிய அலுமினியத் தட்டு. ஒரு டீக்கடை முன்னால் நின்று, “தாயே, தர்மம் போடுங்க” என்றார். கடையில் கூட்டம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்புறம் வா” என்று சொல்லிவிட்டார். தன் கடையில் ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேர் ஓடிவரக்கூடிய மனிதர், அந்த வெயிலில், தட்டைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றார். முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சில்லறை விழுந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். இல்லை என்றாலும் கோபப்படக் கூடாது, போட்டதைக் குறைவு என்று நினைக்கக் கூடாது. வேசக்காரருக்கு இதுதான் சட்டம். காசு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மொத்தத்தையும் ஒரே நோட்டுக்கட்டாக உண்டியலில் போட்டுவிட்டு காரில் ஏறிப் போயிருக்கலாம். அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது பணத்தை அல்ல, கை நீட்டுவதை.

பெண்கள் செய்வது இன்னும் பெரிது என்பேன். மடிப்பிச்சை. முந்தானையை ஏந்திக்கொண்டு ஏழு வீட்டில் யாசகம் வாங்குவது. மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த வருடம் அத்தை எடுத்தார். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கக்கூட கூச்சப்படும் ஆள். கடன் வாங்கினாலும் ராத்திரியில் போய்த்தான் வாங்குவார். பட்டப்பகலில் சிவப்புச் சேலை கட்டி, மேளம் முன்னால் போக, வாசலில் நின்று முந்தானையை விரித்தார். மூன்றாவது வீடு, அவரோடு வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. அதைத் தாண்டிப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போய் நின்றார். அந்த வீட்டுக்காரம்மா படி நிறைய அரிசி கொண்டுவந்து மடியில் போட்டு, மேலே ஒரு பதினொரு ரூபாய் வைத்து, “பிள்ள நல்லா இருக்காளா?” என்று கேட்டார். இரண்டு பேரும் அழுதார்கள். மறுநாளிலிருந்து பேசிக்கொண்டார்கள்.

எந்த வேசம் என்பதும் அவரவர் இஷ்டம் மட்டும் இல்லை. சிலருக்குக் கனவில் வரும், சிலருக்கு ஊர்ச் சாமியாடி சொல்லுவார். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அம்மன், முருகன், கிருஷ்ணன். அப்பா தோளில் தூங்கிக்கொண்டு வரும், கிரீடம் அம்மா கையில் இருக்கும். ஆண்கள் பெண் வேசம் கட்டுவதும் நிறைய. மற்ற நாளில் சேலையைத் தொட்டாலே கேலி பேசும் ஊரில், தலை நிறையப் பூ வைத்து, வளையல் போட்டு, மீசையை மழித்துவிட்டு வரும் இளைஞனை அன்று யாரும் கேலி செய்வதில்லை. தட்டில் காசைப் போட்டுவிட்டுக் கும்பிடுவார்கள்.

தனியாகப் போகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் செட்டு செட்டாகத்தான். தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களின் ஊர்களில் தசரா செட்டு இல்லாத ஊரை விரல் விட்டு எண்ணிவிடலாம். தாரை தப்பட்டை, நையாண்டி மேளம், இப்போது கேரளத்துச் செண்டையும் சேர்ந்துவிட்டது. வசதியான செட்டுகள் லட்சக்கணக்கில் செலவு செய்கின்றன. இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செட்டில் மேளத்துக்கும் வண்டிக்கும் தலைக்கட்டு வரி தனியாகப் பிரிப்பார்கள். தர்மக் காசில் ஒரு ரூபாய்கூட வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது, எடுத்ததும் இல்லை. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறதா என்றால் இல்லை. வேசக்காரன் வெயிலில் நின்று வாங்கிய காசில் செண்டைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். அவன் அம்மன் பெயரைச் சொல்லித்தானே கேட்டான்?

ஒரு காலத்தில் செட்டுக்குச் செட்டு போட்டியாக சினிமா, டிவி நடிகைகளைக் கூட்டிவந்து குத்துப்பாட்டுக்கு ஆடவிட்டார்கள். ஆபாச ஆட்டத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கட்டுப்பாடு விதித்தது நல்லதாகப் போயிற்று. உலோகத்தில் செய்த சூலம், அரிவாள் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாள ரிப்பன், கொடி கூடாது என்று மாவட்ட நிர்வாகமும் வருடா வருடம் சொல்கிறது. இரண்டாவது தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் சாதி எப்படி இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செட்டுகளே தெருவாரியாகத்தான் பிரிந்திருக்கின்றன, தெரு என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முகத்தில் சாயம் பூசி, சடை தொங்கவிட்டு ஒரு காளி வாசலுக்கு வந்துவிட்டால், அது எந்தத் தெருக் காளி என்று கேட்காமல் காலில் தண்ணீர் ஊற்றும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க நடக்காத காரியம் அது. அந்தக் காளியின் கையில் ஒரு வண்ண ரிப்பனைக் கட்டிவிட்டால் அதுவும் போய்விடும். மணப்பாடு பக்கம் சர்ச்சுக்குப் போகும் வீடுகளிலும் தட்டில் காசு போடுவார்கள், முஸ்லிம் கடைக்காரர்களும் போடுவார்கள். “வேசம் வந்திருக்கு” என்று சொல்லிக் கல்லாவிலிருந்து சில்லறையை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

குறவன், குறத்தி வேசம் பற்றியும் சொல்ல வேண்டும். வெகுகாலமாக வரும் வேசம். பலருக்கு நேர்ச்சையாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு சமூகமே நம்மோடு வாழ்கிறது. அவர்கள் வலிக்கிறது என்று சொல்லி, நீதிமன்றம் வரை போய், 2023-ல் குறவன் குறத்தி ஆட்டத்தை அரசும் தடை செய்தது. பக்தியோடு கட்டுகிறவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை நம்புகிறேன். இருந்தும் அந்த வேசத்தைக் கைவிடலாம். அம்மனுக்கு முன்னால் தாழ்ந்து நிற்பதற்கு இன்னொருவரின் பிறப்பை அணிந்துகொள்ளத் தேவையில்லை. மனநலம் சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டும் கிறுக்கன் வேசம் அப்படி இல்லை. அதைக் கட்டுகிறவர்களில் பலரும் அந்த நோயின் வேதனையை வீட்டிலேயே பார்த்தவர்கள்.

கோயிலில் இந்த நாட்களில் இரவுதோறும் அம்மன் வீதியுலா. சிம்ம வாகனத்தில் துர்க்கை, ரிஷபத்தில் பார்வதி, மயிலில் பாலசுப்பிரமணியர், காமதேனுவில் நவநீத கிருஷ்ணர், பூஞ்சப்பரத்தில் ஆனந்த நடராஜர், அன்னத்தில் கலைமகள் என்று ஒவ்வொரு கோலம். அம்மனே ஒன்பது நாளும் வேசம் மாற்றுகிறாள். பிள்ளைகள் வெளியே கட்டுவதில் என்ன ஆச்சரியம்.

பத்தாம் நாள் எல்லாச் செட்டும் குலசைக்குத் திரும்பும். தர்மக் காசைத் துணிப்பையில் முடிந்து கொண்டுவந்து உண்டியலில் கொட்டுவார்கள். நள்ளிரவில் அம்மன் சிதம்பரேஸ்வரர் கோயில் கடற்கரைக்கு வருவாள். மகிஷன் தன் முகத்தோடு வருவான், சிங்கமுகத்தோடு வருவான், எருமைமுகத்தோடு வருவான். ஒவ்வொரு தலையாகச் சூலத்துக்கு விழும். 2020-ல் கொரோனாவால் பக்தர்களே இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே சம்ஹாரம் நடந்தது. அந்த வருடம் பலரும் சொந்த ஊரிலேயே காப்பு கட்டி, சொந்தத் தெருவிலேயே தர்மம் எடுத்தார்கள். கடற்கரை இல்லாமலும் தசரா நடந்தது. தர்மம் எடுக்காமல் நடந்திருக்காது.

மறுநாள் அம்மன் வீதியுலா முடிந்து கோயில் சேர்ந்ததும் கொடி இறங்கும், காப்பு களைவார்கள். அதற்கு அடுத்த நாள் பாலாபிஷேகம். மாமா பிறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, குளித்து, முதல் வேலையாக அத்தையிடம் மீன்குழம்பு கேட்பார். நெற்றியில் கிரீடத் தழும்பு தீபாவளி வரை இருக்கும்.

இந்த வருடம் போக நினைக்கிறவர்களுக்கு: சம்ஹாரத்தன்று போனால் வண்டியை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். குழந்தைகளையும் வயசானவர்களையும் கூட்டிப் போவதானால் அந்த ராத்திரி வேண்டாம். ஏழாம் நாள், எட்டாம் நாள் வாக்கில் காலையிலேயே வந்து அம்மனைப் பார்த்துவிட்டு, உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை எந்தப் பக்கமாவது ஒரு பகல் சுற்றுங்கள். காளியைப் போட்டோ எடுக்க முன்னால் போய் மறிக்காதீர்கள், அவர்கள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பையில் நிறையச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே இருக்கிறதா என்று கேட்காமல், தட்டு நீளும்போது உங்கள் கையால் போடுங்கள்.